படத்தில் வராத கவிச்சி

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம். மேற்பார்வையாளர்களாக உயர்த்தப்பட இருந்தவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் திரையில் முதலாவதாகத் தன்னுடைய படத்தைத்தான் போட்டார். கப்பல் தளத்தில் நின்று, தன் உயரத்துக்குச் சற்றே குறைந்த ஒரு மீனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மஞ்சள் துடுப்புச் சூரை. அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்திலிருந்து பத்து நாளுக்கும் மேல் கடலில் தங்கிப் பிடித்ததாம். "இருநூறு பவுண்டுக்கு மேல் போன சூரைக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? பசு!" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் பொறுமை, போராட்டம், தனியாளாக நின்று சாதிப்பது ஆகியவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படம் என்னை உறுத்தியதற்குக் காரணம் அன்று எனக்குப் புரியவில்லை. பிறகு பல ஆண்டுகளாக இந்த மாதிரிப் படங்களையும், பெரிய மீனைப் பிடித்த கதைகளையும் தேடிப் படித்துவருகிறேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வருவது. மீன் பிடிப்பதை எதிர்த்து நான் எழுதவில்லை. எங்கள் வீட்டில் மீன் வாங்காத ஞாயிற்றுக்கிழமை குறைவு. பெரிய மீனின் கதையை இதுவரை யார் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதில் யாருடைய வேலை கணக்கில் வரவில்லை என்பதே என் கேள்வி.

முதலில் அந்தப் 'பசு'. சான் டியேகோவிலிருந்து தெற்கே மெக்சிகோவின் ரெவியாஹிஹேதோ தீவுகள் வரையும் அதற்கு அப்பாலும் போகும் நீண்ட தூரப் படகுகளுக்குப் பல பத்தாண்டு வரலாறு உண்டு. 1977இல் அத்தீவுகளில் ஒன்றான சான் பெனெடிக்டோவுக்கு அருகே 388 பவுண்டு, அதாவது 176 கிலோ எடையுள்ள மஞ்சள் துடுப்புச் சூரை பிடிபட்டது. 2010இல் 405 பவுண்டு மீன் வரும்வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்தச் சாதனை நின்றது. 2012இல் அது 427 பவுண்டானது. இப்பயணங்களில் 200 பவுண்டைத் தாண்டிய சூரை பசு, 300ஐத் தாண்டியது பெரும்பசு. மீன் ஆணா பெண்ணா என்று வயிற்றைக் கிழித்துப் பார்த்து வைத்த பெயர் இல்லை. கனத்த, தசை திரண்ட, வசப்படுத்த வேண்டிய உடல் என்றதும் நாக்கில் வந்த சொல் அது. பெயரில் வன்மம் இல்லை, செல்லம்தான் இருக்கிறது. ஆனால் பிடிக்கப்படும் உடலுக்குப் பெண்பால் பெயரும், பிடிக்கிற கைக்குப் போராளி என்ற பெயரும் எப்படி இவ்வளவு எளிதாக அமைந்துவிடுகின்றன என்று நாம் கேட்கலாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'தனியாளாக' என்ற சொல். இதற்கு எழுதப்பட்ட விதியே இருக்கிறது. விளையாட்டு மீன்பிடிப்புக்கான சர்வதேசச் சங்கம் 1939இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. உலகச் சாதனைகளைப் பதிவுசெய்வது அதுதான். மீன் முள்ளில் சிக்கியது முதல் பிடிப்பவரைத் தவிர வேறு யாராவது கோலையோ ரீலையோ நூலையோ தொட்டுவிட்டால் அந்தப் பிடிப்பு சாதனைக்குத் தகுதியற்றது. படிக்கும்போது நேர்மையான விதியாகத்தான் தெரிகிறது. எதையெல்லாம் அது உதவி என்று எண்ணவில்லை என்று பாருங்கள். மீன் ஓடும் திசைக்கு ஏற்றாற்போல் படகைத் திருப்புகிற மாலுமி உதவியாளர் இல்லை. தூண்டிலுக்கு உயிர் இரை பிடித்துத் தொட்டியில் சாகாமல் காப்பவர் உதவியாளர் இல்லை. மீன் பக்கத்தில் வந்ததும் நூலின் கடைசிப் பகுதியைப் பற்றி, கொக்கியை மாட்டி, தளத்தில் இழுத்துப் போடுபவரும் உதவியாளர் இல்லை. மூன்று வேளையும் சமைத்துப் போடுபவரைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தனை பேர் கை படலாம். ஆனாலும் அவர் 'தனியாளாக'ப் பிடித்தவர்தான்.

பெண்ணியம் வீட்டு வேலையைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். ஒருவர் தனியாகச் சாதித்தார் என்று அறிவிப்பதற்கு, அவரைச் சுற்றி நடந்த வேலையை வேலை அல்ல என்று முதலில் அறிவிக்க வேண்டும். எங்கள் பயிற்சி வகுப்பிலும் அதுதான் நடந்தது. அன்று காலை நாலரைக்கு எழுந்து, சோறு வடித்து, பிள்ளைக்குச் சடை பின்னி, ஆறு மணி கம்பெனிப் பேருந்தைப் பிடித்து வந்த பெண்களிடம்தான் அவர் பொறுமையைப் பற்றி வகுப்பெடுத்தார்.

சூரைக் கப்பல் நமக்குத் தொலைவானது என்று தோன்றலாம். ஆனால் ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுச் சாலையில் போனால் காவிரி வந்துவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகம், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரியும் தருமபுரியும். உலகத்தின் பெரிய ஆற்று மீன் வேட்டைக் கதைகளில் ஒன்று இந்த எல்லையில் நடந்ததுதான். அதன் நாயகன் மஹ்சீர், கெண்டைக் குடும்பத்தின் மிகப் பெரிய மீன்களில் ஒன்று. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். மஹ்சீரை இங்கிலாந்துக்காரர்களின் சால்மனோடு ஒப்பிட்டு, இழுத்துப் போராடுவதில் இது அதற்கு மேல் என்று எழுதி, வெள்ளை அதிகாரிகளை இந்திய ஆறுகளுக்கு இழுத்த நூல் அது. 1946இல் காவிரியின் கிளையான கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 120 பவுண்டு மஹ்சீரைப் பிடித்தார். வேட்டையாடிய விலங்குகளைப் பாடம் செய்யும் தொழில் நடத்திய குடும்பம் அவருடையது. ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' 1944இல் ஆங்கிலத்தில் வந்தபோது ஆட்கொல்லிப் புலிகளுக்கு நடுவே மஹ்சீருக்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. புலி, சூரை, மஹ்சீர் எல்லாமே ஒரே சுவரில் மாட்ட வேண்டிய படங்களாக இருந்த காலம்.

விடுதலைக்குப் பிறகு பலரும் மறந்திருந்த காவிரி மஹ்சீரை 1970களின் இறுதியில் இங்கு வந்த பிரிட்டிஷ் தூண்டில்காரர்கள் மீண்டும் உலகுக்குச் சொன்னார்கள். கர்நாடக அரசின் சுற்றுலா நிறுவனம் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்கலி ஆகிய இடங்களில் முகாம்கள் நடத்தியது. வெளிநாட்டினரும் பெங்களூர்ப் பணக்காரர்களும் நாள்கணக்கில் தங்கித் தூண்டில் போட்டார்கள். பிடித்த மீனை எடை போட்டு, படமெடுத்து, உயிரோடு ஆற்றில் விட்டார்கள்.

மஹ்சீருக்கு அவர்கள் போட்ட இரை என்ன தெரியுமா? கேழ்வரகு மாவை வேகவைத்துப் பிசைந்த உருண்டை. நம் களி. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எந்த வீட்டிலும் களி கிண்டுவது எவ்வளவு கை நோகும் வேலை என்று கேட்டுப் பாருங்கள். சட்டியைக் காலால் அணைத்து, துடுப்பை இரு கையாலும் பிடித்து, கட்டி விழாமல் கிண்ட வேண்டும். அந்த முகாம்களில் உள்ளூர் வழிகாட்டிகள்தான் உருண்டை பிடித்தார்கள், பரிசல் தள்ளினார்கள், பாறைக்கு அடியில் மீன் எங்கே நிற்கும் என்று காட்டினார்கள். பல படங்களில் அவர்களும் இருக்கிறார்கள். மீனின் வால்பக்கத்தைத் தாங்கியபடி, பாதி முகம் வெட்டுப்பட்டு. அதாவது ஏழை ஆணுக்குப் படத்தின் ஓரத்தில் இடம் உண்டு. பெண்ணுக்கு அந்த ஓரமும் கிடையாது. இதையும் சேர்த்துப் பார்க்காமல் 'ஆண்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் நம் விமர்சனம் பாதியில் நின்றுவிடும்.

பெரிய மீன் கதைகளில் உலகம் அதிகம் படித்தது ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' (1952). பெண்ணே இல்லாத நாவல் என்று பலரும் சொல்வார்கள். திரும்பப் படித்தால் அது சரியில்லை. நான்கு இடங்களில் பெண் வருகிறாள். கிழவனின் இறந்துபோன மனைவியின் படம் முதலாவது. பார்த்தால் தனிமை தாங்கவில்லை என்று அதைச் சுவரிலிருந்து எடுத்து, துவைத்த சட்டைக்கு அடியில் வைத்திருக்கிறான். இரண்டாவது கடல். அவனுக்குக் கடல் பெண். மோட்டார் படகு வைத்திருக்கும் இளைய மீனவர்களுக்கோ அது ஆண், போட்டியாளன். மூன்றாவது, அவன் நினைவில் வரும் ஒரு பெண் மீன். முள்ளில் சிக்கிய அவளை விட்டுப் போகாமல் ஆண் மீன் படகைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியாக, கரையில் கிடக்கும் எலும்புக்கூட்டைச் சுறா என்று தப்பாகப் புரிந்துகொள்ளும் சுற்றுலாப் பயணி. அவளும் பெண்.

இந்த நாலையும் வரிசையில் வைத்தால் நாவலின் ஏற்பாடு தெரிகிறது. நேசிக்கப்படும் பெண் மறைத்து வைக்கப்படுகிறாள், அல்லது இயற்கையாகிறாள், அல்லது முள்ளில் மாட்டிக்கொள்கிறாள். பேச வாய் திறக்கும் ஒரே பெண்ணுக்கு எதுவும் புரிவதில்லை. பெரிய மீனும் கிழவனும் மட்டும் 'அவன்', 'அவன்' என்று ஒருவரையொருவர் மதித்துக்கொள்கிறார்கள். அந்நாவலை நான் வெறுக்கவில்லை. கிழவனின் கைப்பிடிப்பும் வெட்டுக்காயமும் உழைத்த கையைத் தெரிந்தவர் எழுதியவை. சான்டியாகோ பொழுதுபோக்குக்காகக் கடலுக்குப் போகவில்லை, பிழைப்புக்குப் போனான். ஆனால் அவன் தனிமையின் மாண்பை எடுத்துக்கொண்டுதான் மாதக்கணக்கு விடுமுறையும் லட்சக்கணக்கில் பணமும் உள்ளவர்கள் கப்பல் ஏறுகிறார்கள். ஏழை மீனவனின் வலியைப் பணக்காரர் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். பயிற்சி வகுப்பில் எங்களுக்குக் காட்டப்பட்டதும் அந்த வாடகை வலிதான்.

சரி, பெண் பெரிய மீனைப் பிடித்தால் என்ன ஆகும்? பிடித்திருக்கிறாள். 1922 அக்டோபர் 7ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் 64 பவுண்டு சால்மன் பிடித்தார். பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் இன்றுவரை அதுதான் பெரியது. நூறாண்டு கடந்தும் எந்த ஆணும் அதைத் தாண்டவில்லை. அவர் சீமாட்டி அல்ல, ஆற்றங்கரைக் கிராமத்தில் வளர்ந்தவர். படகை ஓட்டியது அவருடைய அப்பா. அந்த மீனை ஊர்க் கடையின் கண்ணாடிக்குள் வைத்திருந்தபோது, எந்தப் பெண்ணும் இப்படியொரு மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்திருக்க முடியாது என்று வயதான ஆண்கள் பேசிக்கொண்டதைக் கூட்டத்தில் நின்று அவரே கேட்டார் என்ற கதை பிரபலமானது.

நம்பாமல் போவது ஒரு வகை. நம்பிவிட்டு வேறு காரணம் கண்டுபிடிப்பது இன்னொரு வகை. அதற்கு ஒரு நூலே இருக்கிறது. 1990இல் வில்மா பேட்டர்சனும் பீட்டர் பெகனும் எழுதிய 'சால்மன் அண்டு விமன்' பெண்கள் பெரிய சால்மன்களைப் பிடித்த வரலாற்றை அக்கறையோடு தொகுத்திருக்கிறது. அந்த வகையில் நன்றிக்குரிய நூல்தான். ஆனால் அது முன்வைக்கும் விளக்கம், பெண்ணுடலிலிருந்து வரும் இயக்குநீர் வாடை ஆண் மீனை ஈர்க்கிறது என்பது. பெண்கள் பொறுமையாக வீசியதோ ஆற்றைத் தெரிந்து வைத்திருந்ததோ அவர்களின் தோள் வலுவோ காரணமாவதில்லை. வாசனை காரணமாகிறது. ஆண் பிடித்தால் திறமை, பெண் பிடித்தால் உடம்பு.

இதைப் படித்தபோது எனக்கு நற்றிணையின் 45ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. வளமான ஊரிலிருந்து விரைந்து ஓடும் தேரில் வரும் செல்வர் மகனிடம் தோழி பேசுகிறாள். இவள் கடற்கரைச் சிறுகுடிப் பரதவர் மகள். அறுத்துக் காயவைத்த சுறாவைத் தின்னவரும் பறவைகளை ஓட்டும் வேலை எங்களுக்கு. எங்கள் மேல் மீன் வாடை அடிக்கும், தள்ளி நில்லும். எங்கள் வாழ்க்கை உம்முடையதைப் போன்றது அல்ல. எங்களிடையேயும் தகுதியானவர்கள் உண்டு என்கிறாள். ஒரு வாடையைச் சொல்லியே அவனைத் தூரத்தில் நிறுத்துகிறாள். இதைக் காதலனைச் சீண்டும் குறும்பு என்று மட்டும் படித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது மீன் தொழிலில் பெண்ணின் பங்கைச் சொல்லும் வாக்குமூலமாகவும் தெரிகிறது. கடலைக் கலக்கி மீன் பிடிக்கும் ஆண் ஓர் அடைமொழியில் வந்து போகிறான். வெயிலில் காவல் காத்து மீனை உணவாக்கும் பெண்தான் முன்னால் நிற்கிறாள். அவள் வாடை அவளது உழைப்பிலிருந்து வருவது. 1990ஆம் ஆண்டு நூலில் பெண்ணின் வாடை அவள் திறமையை அழிக்க வருகிறது. சங்கப் பாட்டிலோ அவள் வேலையை அறிவிக்க வருகிறது.

அந்தப் பாட்டை நான் ஒகேனக்கல்லில் நேரில் பார்த்தேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஓசூர் விடுதிகளிலிருந்து பெண் தொழிலாளர்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போகும் இடம் அது. ஞாயிறு வேலை இல்லாத வாரம் நாங்களும் போனோம். அங்கே மீனை வாங்கி, மசாலா சாமான் வாங்கி, சமைத்துக் கொடுக்கும் பெண்களிடம் கொடுத்தால் விறகடுப்பில் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். எங்களுக்குச் சமைத்த அக்கா ஒரு ரோகுவைக் கையில் தூக்கிப் பார்த்தே "ஒன்றே முக்காலு இருக்கும்" என்றார். தராசில் ஒன்று எழுநூற்றுச் சொச்சம். நான் நெருங்கி நின்று பார்த்தேன். "தள்ளி நில்லு கண்ணு, கவுச்சி ஒட்டிக்கும். சுடிதார் பாழாயிடும்" என்றார். எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டேன். "கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து" என்றார். பெரிய மீன் ஏதாவது வந்திருக்கிறதா என்றதற்கு, செவுளுக்குள் கை நுழைத்து இருவர் தூக்கிவந்த மீனை அறுத்ததைச் சொன்னார். "என்ன மீன்னு பேரு கேக்கல. செதிலு உள்ளங்கை அகலம். அருவாமனை வாய் மழுங்கிப்போச்சு" என்றார்.

பெரிய மீனைப் பற்றி நான் படித்த எழுத்து முழுக்க எடை, நீளம், எவ்வளவு நேரம் இழுத்தது என்பவைதான் இருக்கும். செதிலின் அகலமும் மழுங்கிய அரிவாள்மனையும் இருந்ததில்லை. அந்த அக்காவுக்கும் பெரிய மீனோடு ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. அதற்குப் படம் இல்லை. படம் இருந்தாலும் கவிச்சி அதில் வராது. தண்ணீரில் நின்றபடி மீனைத் தூக்கும் வெற்றிப் படத்தில் ரத்தமும் குடலும் செதிலும் இருப்பதில்லை. பிடித்து விட்டுவிடும் முறையில் அவற்றுக்கு அவசியமும் இல்லை. அழுக்கு இல்லாத வெற்றி அது.

இந்த இடத்தில் எனக்கு நானே ஓர் எதிர்வாதம் வைக்க வேண்டியிருக்கிறது. பிடித்து விடும் தூண்டில்காரர்கள் ஆற்றுக்குச் செய்ததை ஒதுக்கிவிட முடியாது. முகாம்கள் இருந்த காலத்தில் அந்தப் பகுதியில் காவல் இருந்தது. வெடி போட்டு மீன் பிடிப்பது கட்டுப்பட்டிருந்தது. வெடி போட்டவர்களில் சிலருக்கே வழிகாட்டி வேலை கிடைத்தது. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்த ஒவ்வொரு மீனையும் எழுதி வைத்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் கணக்கு அது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடக் கூடாது என்று 2012இல் முகாம்களின் மீன்பிடிப்பு நின்றபோது, காவலும் கணக்கும் சேர்ந்தே நின்றன. நம் பக்கத்துக் காட்டை 2014இல் தமிழ்நாடு அரசு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆக்கியது. சூரையின் கதையும் இப்படியே போனது. 1977இன் சாதனை மீன் பிடிபட்ட ரெவியாஹிஹேதோ தீவுகள் 2017இல் தேசியப் பூங்காவாகி, அங்கே மீன் பிடிப்பதே தடைசெய்யப்பட்டது.

ஆனால் அந்தக் கலிபோரே கணக்குப் புத்தகத்தை ஆய்வாளர்கள் படித்தபோது இன்னொன்று வெளியே வந்தது. பழைய படங்களில் இருப்பது காவிரிப் படுகைக்கே உரிய, முதுகு திமில்போல உயர்ந்த மஹ்சீர். கணக்கில் பின்னால் பெருகுவதோ நீலத் துடுப்பு மஹ்சீர். மகாராஷ்டிரத்தில் லோனாவாலாப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். மீன் நிறைய இருக்க வேண்டும், நிறையச் சிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு விட்டவை, சொந்த ஆற்று மீனின் இடத்தை எடுத்துக்கொண்டன. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்ததால் இனம் அழிந்துகொண்டிருந்தது உடனே கண்ணில் படவில்லை. திமில் மஹ்சீர் இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. இதில் யாரையும் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கும்போது வரும் துடிப்பை அளவுகோலாக வைத்து ஓர் ஆற்றை நேசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. அந்த அளவுகோலுக்கு எந்தப் பெரிய மீனும் ஒன்றுதான்.

நூற்றைம்பது ஆண்டு புகழ் பெற்ற அந்தத் திமில் மீனுக்கு அண்மைக்காலம் வரை முறையான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. படமெடுத்தார்கள், எடை போட்டார்கள், சுவரில் மாட்டினார்கள். அது யார் என்று தீர்மானிக்கவில்லை. கேரளத்தில் காவிரியின் கிளையான பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களுக்கு ஆய்வாளர்கள் ஏற்கெனவே வைத்திருந்த பெயரே இதற்கும் உரியது என்று 2018இல் நிறுவினார்கள். டோர் ரெமாதேவியை. ரெமாதேவி ஒரு பெண்ணின் பெயர். விலங்குகளுக்குப் பெயரிடும் மரபில் பெண் பெயரை லத்தீனாக்கினால் 'ஏ' என்று முடிய வேண்டும். 'ஐ' என்பது ஆணுக்குரிய விகுதி. கடைசியில் ஒரு பெண்ணின் பெயர் கிடைத்தபோதும் அதற்கு ஆண்பால் வால் ஒட்டியிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. கவனிக்காமல் நடப்பதுதான் இதிலெல்லாம் அதிகம்.

அப்படியென்றால் பெண்களுக்கு என்ன வேண்டும்? கோலா? அமெரிக்காவில் 1955இலேயே பெண் தூண்டில்காரர்களுக்கெனச் சர்வதேசச் சங்கம் தொடங்கியாயிற்று. பாம் பீச் போன்ற ஊரில் படகு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்களுக்கு அது உண்மையான வெற்றிதான். அவர்களுக்கும் படகை வேறொருவர் ஓட்டினார், சமையலை வேறொருவர் செய்தார். 'தனியாள்' என்ற விதிக்குள் பெண்ணையும் சேர்ப்பதோடு நின்றுவிட்டால் அந்த அக்காவின் அரிவாள்மனை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதற்காகக் கோல் வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கரையில் விடுமுறை நாளில் ஆண்கள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பெங்களூர்க் கழிவில் தென்பெண்ணை நுரைத்து வருகிற நாளிலும் உட்கார்ந்திருப்பார்கள். மீன் கிடைப்பதற்காக அவர்கள் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரத்துக்காக வருகிறார்கள். ஒரு முறை நானும் தோழியும் ஒரு கோல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். முதல் அரை மணியில் மூன்று பேர் வந்து, முள் கட்டியது தப்பு என்றார்கள். ஒருவர் கோலைக் கையிலிருந்து வாங்கிச் சரிசெய்தே கொடுத்தார். இன்னொருவர், "யாராவது கூட வந்திருக்காங்களாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். சர்வதேச விதிப்படி அன்று எங்கள் பிடிப்பு எதுவும் செல்லாது. மீனும் சிக்கவில்லை.

எங்கள் அவ்வா ஏரி வற்றும் காலத்தில் சேலை முந்தியை இன்னொருத்தியோடு சேர்த்துப் பிடித்து மீன் வாரியவர். இரண்டு பேர் இல்லாமல் அந்த வலை நிற்காது. யார் பிடித்தது என்று கேட்டால், "நாங்க பிடிச்சோம்" என்பார். அவ்வா ஒருபோதும் அதை விளையாட்டு என்று சொன்னதில்லை, சொல்லும்போது சிரிக்காமலும் இருந்ததில்லை. வேலையும் களிப்பும் ஒன்றாக இருந்த அந்தச் சேறு எனக்கு வேண்டும். அதோடு அணைக்கரையின் மூன்று மணி நேரமும் வேண்டும். முதலாவதைப் போற்றி இரண்டாவதை விட்டுக்கொடுக்கச் சொல்கிற எழுத்தையும் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். பாட்டிகளின் உழைப்பைப் பாடி, பேத்திகளின் ஓய்வைக் கேட்காமல் விடுவது நமக்குப் பழகிப்போன இன்னொரு வழி.

அந்தப் பயிற்சியாளரின் படத்தை இப்போது காட்டினால் நான் சில கேள்விகள் கேட்பேன். படகை ஓட்டியது யார்? மீனை அறுத்தது யார்? நீங்கள் கடலில் இருந்த நாட்களில் உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது யார்? குறைசொல்ல இல்லை, எங்களை மேற்பார்வையாளர் ஆக்கத்தானே அந்த வகுப்பு, மேற்பார்வையாளர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் எழுத வேண்டும்.

ஒகேனக்கல் அக்காவிடமும் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். என்றாவது ஒருநாள், சமைக்க வேண்டியதில்லாமல், நீங்களே ஆற்றில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா என்று. அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும். தள்ளி நிற்காமல்.